முப்பத்தோரு பாத்திரத்தில் ஒரு நேரம்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். மத்தியானம் கல்வராயன் மலைப் பக்கம் இடி. இங்கே ஒரு சொட்டு இல்லை.

காலையில் அவர் ஃபோன். புனேயில் வீடு கிடைத்துவிட்டதாம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மூன்றாவது மாடி. "மூணு வருசமா மெஸ்ல துன்னு நாக்கு செத்துப்போச்சு. புள்ளைய இட்டுகினு சீக்கிரம் கெளம்பி வா" என்றார். வருகிறேன். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு யாரும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டாம்.

கையிருப்பு 56,000.

ஷைனிக்கு புனே ஸ்கூல் – 28,000 (20-க்குள். இல்லையென்றால் ஆறாம் வகுப்பு சீட்டு போச்சு)
வீட்டு அட்வான்ஸ் பாக்கி – 15,000
ரயில், பஸ் – 1,600
சாமான் ஏற்ற லாரி – ?
போய் இறங்கினதும் அரிசி, பருப்பு, கேஸ் – ?

எழுதிக்கொண்டிருக்கும்போதே பி. வந்து நின்றாள். பி. என்றால் பிலோமி, அவரோட அண்ணன் பொண்டாட்டி. முழுப்பேர் இந்த நோட்டில் இதோடு சரி. எழுதினால் பேனா நாறிப்போகும்.

"பாத்திரத்தலாம் அம்மாந்தூரம் தூக்கிகினு போவியா டெய்சி? இங்கியே கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வாளாம். பன்னிரண்டு வருடமாக அந்தப் பித்தளை அண்டா மேல்தான் கண்.

மே 8, வியாழன்

கள்ளக்குறிச்சி போய் வந்தேன். தலைவலி.

சாமான் கட்டி ஏற்றும் பேக்கர்ஸ்காரன் கேட்டது 34,000. வீட்டில் இருக்கும் மொத்த சாமானையும் விற்றாலும் அவ்வளவு வராது. அவனிடமே சொன்னேன். சிரித்தான்.

சின்னசேலம் ஜவ்வரிசி மில்லிலிருந்து புனேவுக்கு லோடு போகிறது. அங்கே விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பிடுவார்களாம். அந்த லாரி புரோக்கரைப் பிடித்தேன். மூட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு போக 9,000. "பன்னெண்டு உருப்படிதாம்மா. அண்டா குண்டாலாம் ஏத்தாதீங்க, மூட்ட கிழிஞ்சா மொதலாளி என்னத்தான் கேப்பாரு."

பன்னிரண்டு: ஃபிரிட்ஜ், கிரைண்டர், கட்டில் (கழட்டி), மெத்தை, தையல் மிஷின், டிவி, துணி மூட்டை 3, ஷைனி புத்தகம், குக்கர்-தட்டு-கரண்டி பெட்டி, என் ரூம் ஃபேன். ஃபேன் நான் வாங்கினது. கொக்கியையும் சேர்த்துக் கழட்டச் சொல்லியிருக்கிறேன். காற்று வேண்டுமென்றால் அவள் விசிறிக்கொள்ளட்டும்.

56,000-இல் எல்லாம் போக மீதி 2,400. அதுதான் முதல் மாதச் சாப்பாடு.

பாத்திரம் வராது. பி. ஜெயித்துவிட்டாள்.

மே 10, சனி

பரணிலிருந்து என் பாத்திரங்களை இறக்கினேன். எலிப்புழுக்கை, பல்லி முட்டை. மொத்தம் 31. அண்டா, இரண்டு தவலை, குடம் நாலு, தூக்கு மூன்று, சம்படம், அன்னக்கூடை, மற்றதெல்லாம் எவர்சில்வர். எல்லாம் அப்பா போட்டது. திருக்கோவிலூரில் கடை கடையாக ஏறி, தட்டிப் பார்த்து, சத்தம் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்பார். எதிலும் பேர் வெட்டவில்லை. "வெட்டுக்கூலிக்கு இன்னும் ரெண்டு கிண்ணம் வாங்கலாம்" என்றார்.

பாத்திரக்கடையில் விசாரித்தேன். பழைய விலைக்குப் போட்டால் எட்டாயிரம் தேறும். நல்ல பணம்தான். ஆனால் விற்றால் பி.க்கு இரண்டு நாள் வயிறு எரியும், மூன்றாம் நாள் மறந்துவிடுவாள். எனக்கு இரண்டு நாள் போதாது.

இதுவரை எங்கும் எழுதாததை எழுதி வைக்கிறேன். மூன்று வருடம் முன்னால், பி.யின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. நான் விடியலிலிருந்து பந்தியில். என் ஃபோன் பீரோவில். அப்பா பத்தரைக்குப் போய்விட்டார். அண்ணன் எனக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு பி. நம்பருக்குப் பண்ணிச் சொல்லியிருக்கிறான். அப்போது மணி 11.10. அவள் கேட்டுக்கொண்டு ஃபோனை வைத்தாள். என்னிடம் வந்து, "டெய்சி, வட கம்மியா கீது, இன்னும் ஒரு ஈடு போடச் சொல்லு" என்றாள். வடையைப் பற்றி மட்டும்தான் சொன்னாள்.

பந்தி முடிந்து, மொய் எழுதி முடிந்து, நாலு மணிக்குச் சொன்னாள். அதுவும் இப்போதுதான் தகவல் வந்த மாதிரி. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்தான் இருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சடங்கு சோறு துன்னுட்டு வர்றியா?" என்றான். ஒரு வருடம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சண்டையில்தான், 11.10-க்கே சொன்னேன் என்று ஃபோனைத் திறந்து காட்டினான்.

பி.யிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் அழுவாள், வீட்டில் எல்லாரும் அவள் பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். செபத்தில், மன்னிப்பதைப் பற்றி வரும் வரியில் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடமாக அப்படித்தான். ஆண்டவருக்குத் தெரியும், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் யாரோ வருட நினைவுக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். செத்தவர் பேர் வெட்டி. கையில் வாங்கினதும் புத்தி வேலை செய்தது. செத்தவர் பேர் போட்ட பாத்திரத்தை யாரும் விற்கமாட்டார்கள், உருக்கமாட்டார்கள், குப்பையிலும் போடமாட்டார்கள். ஊர் கேட்கும். வைத்துப் புழங்கித்தான் ஆகணும்.

பாத்திரத்தை விட்டுவிட்டே போகிறேன். முப்பத்தொன்றிலும் அப்பா பேர். அதுக்குக் கீழே 11.10. ஊருக்கு அது நினைவுப் பாத்திரம். அவளுக்கு மட்டும் தெரியும் அது என்ன நேரமென்று. அரிசி கழுவும்போது பார்க்கட்டும், பால் காய்ச்சும்போது பார்க்கட்டும்.

ஒரு மாதத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் இரண்டு தட்டு சோறு இறங்கியது.

மே 13, செவ்வாய்

31 பாத்திரமும் சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோவில் கள்ளக்குறிச்சி. பி.யிடம், விளக்கக் கொடுக்கிறேன் என்றேன். பல் தெரிய சிரித்தாள். அவளுக்காக விளக்குகிறேன் என்று நினைப்பு.

வெட்டுகிறவன் எழுத்துக்கு மூன்று ரூபாய் கேட்டான். புள்ளிக்குக் காசில்லையாம், தாராளப் பிரபு. 'அ. சவரிமுத்து நினைவாக, காலை 11.10' என்று எழுதிக் கொடுத்தேன்.

"செத்த தேதி போடுவாங்கம்மா. நேரம் ஆரும் போடமாட்டாங்களே?"

"நான் போடுவேன். வெட்டுங்க."

'காலை'யோடு சேர்த்து 1,581. 'காலை'யை எடுத்துவிட்டால் 1,395. எடுத்துவிட்டேன். அவளுக்குக் காலையா சாயங்காலமா என்று சந்தேகம் வராது.

மீதி 1,005. அவர் கணக்குக் கேட்டால் 'இதர' என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் மாதம் ரசம்.

மே 17, சனி

ஸ்கூல் பணம் ஃபோனிலேயே கட்டியாச்சு. சீட்டு உறுதி. ஷைனி வாசலிலேயே குதித்தாள்.

ஜவ்வரிசி லாரி வந்து பன்னிரண்டு உருப்படியும் போயிற்று. டிரைவர் ஃபேனைப் பார்த்துவிட்டு, "புனேல ஃபேனு கெடைக்காதா?" என்றார். கிடைக்கும். அதுவல்ல விஷயம்.

வெட்டக் கொடுத்த பாத்திரத்தை வாங்கி வந்தேன். எழுத்து முத்து முத்தாக. அப்பா பேரைத் தடவிப் பார்த்து அழுதேன். சாக்கைக் கட்டி என் ரூமில் வைத்துப் பூட்டினேன்.

மே 19, திங்கள்

சாயங்காலம் நாலு தூறல், புழுக்கம் ஜாஸ்தி. நானே சமையல்கட்டில் 31-ஐயும் அடுக்கினேன். எழுத்து வெளியே தெரியும்படி.

முதலில் பார்த்தது பி. இல்லை. எதிர்வீட்டு அம்சா அக்கா, உறை மோர் கேட்டு வந்தவள். "அப்பன் பேரப் போட்டு அம்புட்டும் ஓரகத்திக்கு உட்டுட்டுப் போறா பாருடி. இந்தக் காலத்துல ஆரு செய்வா?" என்று தெருவையே கூட்டிவிட்டாள். ஏழெட்டு பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பி. சர்ச்சிலிருந்து வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். ராத்திரி சோறு குறைவாகத்தான் சாப்பிட்டாள். உறைத்துவிட்டது. நிம்மதி.

மே 20, செவ்வாய். சேலம் ஸ்டேஷன்

ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். ஷைனி பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் ஆட்டோ வந்து நின்றபோது பி. சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். நேற்றிலிருந்தே இதுக்குத்தான் காத்திருந்தேன்.

"ராவெல்லாம் ரோசன பண்ணேன் டெய்சி. இதுல 11.10-ன்னு போட்டுகீதே, உங்கப்பா செத்த நேரமா?"

"இல்லக்கா. அவர் பத்தரைக்கே போயிட்டாரு. 11.10 எங்கண்ணன் உன் நம்பருக்குச் சொன்ன நேரம். உம்பொண்ணு சடங்கன்னைக்கு."

மூன்று வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. அவள் முகத்தையே பார்த்தேன்.

"எனுக்கா? அன்னிக்கு ஃபோனு ஓயாம அடிச்சிகினே கெடந்துது. பந்தகாரன், சமையகாரன், போட்டோகாரன்... உங்கண்ணன் பண்ணாரா இன்னா?"

பொய் சொன்னால் பி. சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். பன்னிரண்டு வருடப் பழக்கம், எனக்குத் தெரியும். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். யோசித்து யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. வடையைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒருவேளை ஞாபகம் இருந்திருக்கும்.

நான் கத்தியிருக்கணும். அதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன். "சேலம் பஸ்ஸு போயிடப்போவுது, கெளம்பு. புள்ள பசி தாங்காது" என்று தயிர்சோறு கட்டினதை என் கையில் திணித்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். தூக்கு மூன்றில் ஒன்று.

இப்போது மடியில் இருக்கிறது. ஷைனி விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே, "தாத்தா பேரு சரி. 11.10-ன்னா இன்னாம்மா?" என்கிறாள்.

சாப்பிடு என்றேன்.