மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கிறது

பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. முகவரியைக் கொடுத்தது உங்கள் அக்கா. "நான் குடுத்தேன்னு சொல்லிடாதே" என்றார். சொல்லிவிட்டேன்.

வீட்டு விஷயம் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஆய்வுக்கூட விஷயம் என்றால் கை தானாக ஓடுகிறது. அதனால் அதையே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தலை சுற்றுகிறது. நீங்கள் போனதிலிருந்து மாட்டிறைச்சி எல்லாம் கடினமாகிவிட்டது. சிரிக்காதீர்கள். அதே பண்ணை, அதே வயது மாடு, குளிர் அறையில் அதே பத்து நாள். இறைச்சியைத் துண்டாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் இயந்திரம் பழைய எண்ணைத்தான் காட்டுகிறது. ஆனால் மென்று பார்த்து மதிப்பெண் போடும் நம் எட்டுப் பேரும், எட்டு மதிப்பெண்ணுக்கு ஆறரை போட்ட இடத்தில் இப்போது நாலு போடுகிறார்கள். அவர்களில் ஒருவரான நம் தபால்காரர் மதிப்பெண் சீட்டிலேயே "இது இறைச்சியா, செருப்பா?" என்று எழுதிவிட்டார்.

நான் இயந்திரத்தை நம்புவதா, பற்களை நம்புவதா? வெப்பமானியை மாற்றினேன். அடுப்பை மாற்றினேன். எட்டுப் பேரையும் பல் டாக்டரிடம் அனுப்பினேன். ஒருவருக்குக்கூடச் சொத்தைப் பல் இல்லை. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சமையல்காரர் மேலும் குறை சொல்ல முடியாது. கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாம் எழுதிவைத்த செய்முறையை ஓர் எழுத்து பிசகாமல் செய்கிறார்.

அறிக்கை ஏப்ரல் கடைசியில் போக வேண்டும். இருபத்தொரு நாள் தொங்கவிடத் தேவையில்லை, பத்து நாளே போதும், இறைச்சி மிருதுவாகிவிடும் என்பதுதான் என் ஒன்பது வருட உழைப்பு. அது கண் முன்னால் பொலபொலவென்று உதிர்கிறது. நீங்கள் ஏதாவது வேறு மாதிரி செய்தீர்களா? உப்பு? எண்ணெய்?

அறிக்கையில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன். அதற்காகத்தானே கோபித்துக்கொண்டு போனீர்கள்?

இப்படிக்கு,
என்ன போடுவது என்று தெரியாமல்,
நான்

பிப்ரவரி 17

ஆராய்ச்சி அம்மாவுக்கு,

நலம். இங்கே ஒரு மாணவர் விடுதியில் சமைக்கிறேன். நூற்றிருபது பேர். மணி அடிப்பதற்கு முன்பே தட்டோடு வந்து நிற்கிறார்கள். முதல் வாரம் எனக்கே கூச்சமாக இருந்தது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை கோபம். மற்ற இரண்டு தடவை எதற்குப் படித்தேன் என்று தெரியவில்லை.

உப்பும் போடவில்லை, மந்திரமும் போடவில்லை. பெயருக்காகக் கோபித்துக்கொண்டேன் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாயா? நன்றாக இருக்கிறது போ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பரிமாறும் வரிசைச் சீட்டு இப்போது யார் கையில்?

இப்படிக்கு,
பழைய சமையல்காரன்

பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

கேள்விக்குக் கேள்வி போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. சீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எந்தத் துண்டு எத்தனை நாள் இறைச்சி என்று சமைப்பவருக்கும் தெரியக் கூடாது, சாப்பிடுபவருக்கும் தெரியக் கூடாது. அதனால் சீட்டு என்னிடம் இருக்கும், பரிமாறும் நேரத்தில் நான் கொண்டுவருவேன். உங்களுக்குத் தெரியாததா? புது ஆள் வந்த முதல் வாரமே, "நீங்க வர்ற வரைக்கும் என்னால நிக்க முடியாது மேடம், மூணு நிமிஷம்னு எழுதியிருக்கு" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இப்போது முந்தின நாளே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

வேறு எதுவும் மாறவில்லை. தயவுசெய்து சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
நான்

மார்ச் 4

ஆராய்ச்சி அம்மாவுக்கு,

வேறு எதுவும் மாறவில்லையா?

அடுப்பிலிருந்து எடுத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டு, வெட்டிப் பரிமாற வேண்டும். சரி. சீட்டு இல்லாமல் எப்படிப் பரிமாறுவது? எந்த நாள் நீ மூன்று நிமிடத்தில் வந்தாய்? ஆள் அனுப்பினால் "இதோ வர்றேன்". போன் செய்தால் "வந்துக்கிட்டே இருக்கேன்". நான் துண்டுகளை வெதுவெதுப்பான தட்டில் மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் ஏழு நிமிடம், ஒரு நாள் இருபத்தைந்து. அத்தனை நேரம் மூடியிருந்தால் சாறு உள்ளுக்குள் இறங்கி எந்தத் துண்டும் கொஞ்சம் இளகும். இயந்திரத்துக்குப் போவதைக் குளிரவைத்து மறுநாள் வெட்டுகிறீர்கள், அதற்கு நீ எப்போது வந்தால் என்ன?

பதிவேட்டில் மூன்று நிமிடம் என்றே எழுதினேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. முதலில் ஆசையில் எழுதினேன். பிறகு பழக்கமாகிவிட்டது.

கடைசி நாள் நினைவிருக்கிறதா? நீ வரவே இல்லை. எட்டுப் பேரையும் நாற்பது நிமிடம், இறைச்சியின் நிறம் தெரியாமலிருக்கப் போடும் அந்தச் சிவப்பு விளக்கின் கீழ் உட்காரவைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். மாலையில் இயக்குநரோடு பேசிக்கொண்டே வந்து, "மார்க் சீட்டெல்லாம் எங்கே?" என்று கேட்டாய். வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன், நீ வந்து "இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்பாய். எனக்கு அலுத்துவிட்டது. அதனால் போனேன்.

இப்படிக்கு,
சமையல்காரன்

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று துண்டுகளை இருபது நிமிடம் மூடி வைக்கச் சொன்னேன். எட்டுப் பேரும் ஆறரை போட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியாமல் குளிர் அறைக்குள் போய் நின்றேன். தொங்கும் இறைச்சிகளுக்கு நடுவில் நின்று அழுதேன் என்றால் நம்புவீர்களா?

இதற்கு மேல் எழுதப்போவதை எழுதக் கூடாது என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். நேரம் நாளுக்கு நாள் மாறியது என்று தெரிந்தால் ஒன்பது வருட மதிப்பெண்ணும் குப்பைக்குப் போகும். எல்லா நாளும் பன்னிரண்டு நிமிடம் ஆறவிட்டேன், பதிவேட்டில் மூன்று என்று எழுதியது கைத்தவறு என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அறிக்கை பிழைத்துக்கொள்ளும். ஒரு தாள்தான்.

நீங்கள் எழுதிய வீட்டு விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் இது முடியட்டும்.

நான்

மார்ச் 20

கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லா நாளும் பன்னிரண்டு நிமிடம். தவறு என்னுடையது.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு இயக்குநர் அறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். "தவறு என்னுடையது" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒன்பது வருடம் நீங்கள் எனக்காகப் பொய் எழுதியது எனக்குத் தெரியாது. இதை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மூன்றாம் தடவை தாள் இல்லாமல் போனேன். "நான் தினமும் லேட்டாத்தான் போயிருக்கேன் சார்" என்றேன். அவர் குழம்பிப்போய், "அதுக்கும் மாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அறிக்கை இந்த ஏப்ரலில் போகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இயந்திரத்தின் எண்கள் நிற்கும். ருசி பார்க்கும் பகுதியை முதலிலிருந்து செய்ய வேண்டும், இன்னும் மூன்று வருடம். பத்து நாள் போதுமா போதாதா என்று இப்போது எனக்கே தெரியாது. எட்டுப் பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தபால்காரர் மட்டும், "அந்த நாற்பது நிமிஷத்துக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்குக் கூப்பிடவில்லை. புது ஆள் நன்றாகவே செய்கிறார். வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். வருவீர்களா?

உங்கள் மனைவி

ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

தாள் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. நேற்று நூற்றிருபது பேருக்கு உப்பில்லாமல் சமைத்துவிட்டேன். நீ தப்பை ஒத்துக்கொள்ளாத வரையில் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே புரியவில்லை. உனக்கு இன்னும் மூன்று வருட வேலை கூடிவிட்டதே என்று வருத்தமாகவும் இருக்கிறது. பதிவேட்டில் உண்மையை எழுதியிருந்தால் முதல் வாரமே நீ திருந்தியிருப்பாயோ என்னவோ. அதில் என் பங்கும் இருக்கிறது.

வருவீர்களா என்று கேட்டால் தெரியாது. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் அதுவும் தெரியாது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அது மட்டும் தெரிகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு விடுமுறை. நீ இங்கே வா. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சலவைக் கடை, அதன் பின்பக்கப் படியில் ஏறினால் இரண்டாவது கதவு. நான் நிறுத்தத்துக்கு வந்து நிற்க மாட்டேன். வாசலிலும் நிற்க மாட்டேன்.

இரண்டு தட்டு எடுத்து வைப்பேன். மதியம் ஒரு மணி ஆனதும் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

இப்படிக்கு,
நான்தான்