கருங்காலி என்று ஒரு பெயர்

மைனி,

காலையில் மருமகன் பூட்சுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடை அடுப்படிவரை வந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியும், இந்த வாடை வந்தால் உங்களோடு ஒரு வாய்ச்சண்டை போட வேண்டும் போலிருக்கிறது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தென்காசியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தீர்கள். ஐம்பதுகளின் கடைசியில், நகைப்பெட்டி செய்யும் கிட்டங்கியில் இருவரும் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மாதத்தில் மரங்களின் குணம் உங்களுக்கு அத்துப்படி. ஈட்டி மரத்தைத் தேய்த்தால் ஊதா ரேகை எழும்பும். கருங்காலிக்குச் சாயமே வேண்டாம், தேய்க்கத் தேய்க்கத் தானே மின்னும் என்பீர்கள். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்குக் கருங்காலிப் பெட்டி என்றால் உயிர்.

கருங்காலி வரத்து நின்றபோது முதலாளி மாம்பலகைப் பெட்டிகளையும் பூட்ஸ் பாலிஷ் டப்பாக்களையும் நம் முன்னால் வைத்தார். "சாயிப்புமாருக்கு எந்தா தெரியும்? கருங்காலின்னு பறஞ்சா மதி" என்றார். வெள்ளைக்காரர்களுக்கு என்ன தெரியும், கருங்காலி என்று சொன்னால் போதுமாம்.

நீங்கள் துணியைக் கீழே போட்டீர்கள்.

"பொய்யைத் தேய்க்க என் கைக்கு வராது மொதலாளி. நகையில கறுப்பு ஒட்டுனா, வாங்குனவ எங்களத்தான் ஏசுவா."

பாலிஷ் போடும் ஆறு பெண்களும் உங்கள் பின்னால் வெளியேறினோம். நல்ல மரம் வரும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று பேச்சு.

மூன்றாம் நாள் முதலாளி எனக்கு மட்டும் ஆள் அனுப்பினார். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார், அடுப்பில் பூனை தூங்கியது. கிட்டங்கியின் பின்வாசல் வழியாகப் போய் வேலைக்கு உட்கார்ந்தேன். ஆமாம், போனேன். மத்தியானம் பெட்டியைக் காயவைக்க வெளியே எடுத்து வந்தால், எதிரே நீங்கள்.

பெட்டியைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"அந்தப் பெட்டி கருங்காலி இல்லளா. நீதான் கருங்காலி."

வேலைநிறுத்தத்தில் கூட இருந்தே காலை வாருகிறவர்களுக்கு அதுதான் பெயர் என்று கொச்சித் துறைமுகத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பெட்டியோடு நேரே முன்கடைக்குப் போனேன். முதலாளி இரண்டு வெள்ளைக்காரர்களிடம் "கருங்காலி, கருங்காலி" என்று மூடியைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் செருகியிருந்த டர்பன்டைன் துணியால் என் பெட்டியை அவர்கள் கண்ணெதிரே ஒரு இழுப்பு இழுத்தேன். மாம்பலகை பல்லை இளித்தது. அவர் மூடியிலும் ஒரு இழுப்பு. பிறகு துணியை அங்கேயே எறிந்துவிட்டு வந்தேன்.

நம் இருவருக்கும் அந்தத் தெருவில் அப்புறம் யாரும் பெட்டி வேலை தரவில்லை. அன்று சாயங்காலம் கப்பைக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள், சேர்ந்து தின்றோம். அந்தச் சொல்லை மட்டும் கடைசிவரை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கமாட்டேன். பிறகு முனிசிபாலிட்டியில் வேலைக்குப் போனேன். எத்தனை வேலைநிறுத்தம் வந்தாலும் வாசலில் முதலில் உட்கார்ந்து கடைசியில் எழுந்தவள் நான்தான்.

ஒரே ஒரு அரைநாள் மைனி. அதற்கு மேல் ஒரு நாழிகை கூட நான் அதுவாக இருந்ததில்லை.