பிள்ளைக்கு அனுப்பிய பழந்துணி

அன்பு மகள் ஷார்மைனுக்கு,

கிள்ளானிலிருந்து அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் அருணனும் வயிற்றில் இருக்கும் நம் பையனும் சுகமா என்று கேட்டுத் தொடங்குகிறேன், ஆனால் பதில் வரும்வரை பொறுத்திருக்க முடியாத விஷயம் ஒன்று இருப்பதால் விசாரிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "எப்படி, ஹீரோ மாதிரி இருக்கேனா?" என்று கேட்கிறார். அந்த இடது கண்தான் என்னை இங்கே கட்டிப்போட்டிருக்கிறது, அது மட்டும் இல்லையென்றால் இந்நேரம் கிளாஸ்கோவில் உன் பக்கத்தில் இருப்பேன், இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. போனில்தான் சொல்லிவிட்டாயே, பிறகு கடிதம் எதற்கு என்று அப்பா கேட்டார். போனில் நான் ஒன்று சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், நீ அடுத்தடுத்து இரண்டு தடவை சரி சொன்னால் காதில் வாங்கவில்லை என்பது நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன், உட்கார்ந்து படி, அருணனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் அவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு.

பிரிக்பீல்ட்ஸில் அறுபது தாண்டியவர்களுக்கு வகுப்புகள் நடத்தும் மண்டபத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், போன வருஷம் கைத்தொலைபேசி வகுப்புக்குப் போனேனே, அதே இடம். இந்தத் தடவை, பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது பற்றித் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வகுப்பு என்று அறிவித்தார்கள், அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு, "ஒரு பிள்ளைய பெத்து வளர்த்து கட்டிக் கொடுத்துட்டு இப்ப போயி கிளாஸா?" என்றார். ஒரே ஒரு பிள்ளையை, அதுவும் அத்தனை வருஷங்களுக்கு முன்னால் வளர்த்ததை அனுபவம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அங்கே வந்து ஏதாவது தப்பாகச் செய்து, நீ வாய்திறந்து சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவிப்பாயோ என்ற பயத்தில்தான் சேர்ந்தேன். வாராவாரம் கொமுட்டர் ரயிலில் போய் முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுவேன், பள்ளி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட இவ்வளவு ஆசையாக ஒன்றையும் படித்ததில்லை. பாடம் எடுக்கிறவள் சுதர்சினி என்ற தாதி, உன் வயதுதான் இருக்கும், கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ள மாட்டாள், ஆனால் என்னைப் பார்த்து "ஆன்டி, மத்தவங்களும் கொஞ்சம் கேக்கட்டும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பழனியப்பன் என்று ஒருவர் வருகிறார், வகுப்பில் ஒரே ஆண், மருமகள் பிள்ளையைத் தூக்க விடமாட்டாள் என்று பயந்து சேர்ந்தவர். பொம்மையைக் கையில் கொடுத்தால் பாசாரில் வாங்கிய மீன் மாதிரி தூக்கிப் பிடிக்கிறார். "அங்கிள், அது மீன் இல்ல, கழுத்துக்குக் கை கொடுங்க" என்று சுதர்சினி சொன்னதற்கு, "மீனா இருந்தா நான் ஏன் மிஸ்ஸி இப்படி நடுங்கப் போறேன்" என்றார், நாங்கள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. சிரித்தோமே தவிர, வகுப்பு முடிந்து எழுந்தபோது எல்லோர் முகமும் வாடித்தான் இருந்தது. பவுடர் போடக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது, தேன் தொட்டு வைக்கக்கூடாது, தலையணை கூடாது, குப்புறப் படுக்க வைக்கக்கூடாது, நாங்கள் அன்பு என்று நினைத்துச் செய்ததில் பாதி இப்போது கூடாது.

போன மாதம் ஒரு வகுப்பில் வீட்டில் இருக்கும் ஆபத்தான பொருள்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள், துணிகளுக்கு நடுவில் போடுகிற பாச்சை உருண்டையைப் பற்றிச் சொன்னாள். சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஒரு சத்து பிறவியிலேயே குறைவாக இருக்குமாம், ஜி சிக்ஸ் பி டி என்று பெயர், அந்தக் குழந்தைகளுக்குப் பாச்சை உருண்டை வாசமே விஷம், அது ஏறின துணியில் கிடத்தினால்கூட இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை தலைக்கேறிவிடும், கவனிக்காமல் விட்டால் மூளையையே பாதிக்கும் என்றாள். ஷார்மைன், பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில்தான் கிடத்த வேண்டும் என்று என் பழைய வாயில் சேலைகளையும் அப்பாவின் நைந்த சாரங்களையும் நீ கல்யாணம் ஆகிப் போன நாளிலிருந்து பெட்டியில் சேர்த்து வைத்தேனே, பூச்சி அரித்துவிடக் கூடாது என்று கைநிறையப் பாச்சை உருண்டை போட்டுத்தானே வைத்தேன். அதைத்தான் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்து, மடித்து உனக்குப் பார்சலில் அனுப்பியிருந்தேன். கை தூக்கி, துவைத்துக் காயவைத்தால் போகாதா என்று கேட்டேன். "இல்ல ஆன்டி, பிள்ளைக்கு அந்தத் துணியே வேணாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

கேஎல் செண்ட்ரல் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டேதான் உன்னைக் கூப்பிட்டேன், இரைச்சலில் நான் கத்தினதை ஆபீஸுக்குப் போகிற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நீ சொன்னது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. "பார்சல் வந்திருச்சும்மா, பிரிச்சதும் உன் அலமாரி வாசம், எனக்கு அழுகையே வந்திருச்சு, ஒரு துணிய எடுத்துத் தலையணை மேல போட்டுத்தான் படுக்கிறேன்" என்றாய். அதற்கு நான் "தூக்கிப் போடு, தூக்கிப் போடு" என்று மட்டும் கத்தினேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீ ஆசையாகச் சொன்னதற்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, ஆனால் இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஒரு துணிகூட மிச்சம் வைக்காதே, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே குப்பையில் போட்டுவிடு, அவை கிடந்த அலமாரியைத் துடைத்துத் திறந்து வை, தலையணை உறையையும் விரிப்பையும் துவைத்துவிடு, பக்கத்தில் மடித்து வைத்த பிள்ளைச் சட்டைகள் இருந்தால் அவற்றையும் பிள்ளைக்குப் போட வேண்டாம். அம்மாவின் சேலையாயிற்றே என்று ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்து வைப்பாய், உன்னை எனக்குத் தெரியும், அதையும் செய்யாதே.

துணியோடு போயிருந்தால் இந்தக் கடிதம் இத்தோடு முடிந்திருக்கும். அடுத்த வாரம் சுதர்சினி, உங்கள் குடும்பத்தில் யாராவது ஆண்பிள்ளைக்குப் பிறந்தவுடனே கடுமையான காமாலை வந்ததுண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எனக்கு உடனே என் தம்பி, உன் ரேமண்ட் மாமாதான் ஞாபகத்துக்கு வந்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவன் பிறந்த வாரத்திலேயே உடம்பெல்லாம் மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டுபோய், ஆஸ்பத்திரியில் இரத்தத்தையே மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். உன் தாத்தா புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டதால்தான் பிழைத்தான் என்று நாங்கள் ஜூலை மாதம் தவறாமல் திருவிழாவுக்குப் போகிறோமே, நீயும் சின்ன வயதில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். சுதர்சினியிடம் சொன்னதும் அவள் பலகையில் கோடு போட்டுக் காட்டினாள், இந்தக் குறை தாய் வழியாக மகனுக்கு இறங்கும், பெண்களுக்கு இருந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது, தம்பிக்கு இருந்தால் அது என் அம்மாவிடமிருந்து வந்திருக்கும், எனக்கும் இருக்கலாம், என்னிடமிருந்து உனக்கும், உன்னிடமிருந்து வயிற்றில் இருக்கும் பையனுக்கும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். முதலில் மாமாவைச் சோதித்துப் பாருங்கள் என்றாள்.

அந்த ஞாயிறே அப்பாவையும் கூட்டிக்கொண்டு காஜாங் போனேன். விஷயத்தைச் சொன்னவுடன் உன் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது, "என்ன அக்கா, எனக்குப் பேரப்பிள்ளை எடுக்கிற வயசு, பேபி டெஸ்ட் எடுக்கச் சொல்றியா?" என்று சிரித்து மழுப்பப் பார்த்தான், நான் விடாமல் இருக்கவும் கோபம் வந்துவிட்டது, "அன்னம்மாள் குடுத்த உயிரு இது, அத ஊசி குத்தி செக் பண்ணணுமா? அப்பா இருந்தா உன்ன என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டான். நானும் அதையே நம்பி வளர்ந்தவள்தானே ஷார்மைன், கேட்டது தப்போ என்று எனக்கே தோன்றிவிட்டது. அப்பாதான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "பிழைக்க வச்சது அவங்கதான் ரேமண்ட், யாரு இல்லன்னா? ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கச் சொல்றா, அவ்வளவுதான், அதுக்கு அன்னம்மாள் கோவிச்சுக்க மாட்டாங்க, அவங்களும் இயேசுவுக்குப் பாட்டிதானே" என்றார். அதற்குப் பிறகுதான் மாமா, "சரி, போறேன், ஆனா சாத்தே நீதான் வாங்கித் தரணும்" என்றான், வாங்கித் தந்தேன், என்னால்தான் குச்சியில் கோத்துச் சுட்ட அந்த இறைச்சியில் ஒரு குச்சிகூடச் சாப்பிட முடியவில்லை. மறுநாள் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். முடிவு வந்துவிட்டது. அவனுக்கு அந்தக் குறை இருக்கிறது. பெரியவர்களாக இருந்தால் ஒவ்வாத மருந்துகளைத் தவிர்த்து நடந்தால் போதும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார், அவன் நன்றாகத்தான் இருக்கிறான், நான்தான் இங்கே சோறு இறங்காமல் இருக்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இங்கே மலேசியாவில் பிறக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்காமலே தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்துவிடுகிறார்கள். அங்கே அப்படி இல்லையாம், குடும்பத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் செய்வார்களாம், சுதர்சினி விசாரித்துச் சொன்னாள். ஆகவே அடுத்த தடவை மிட்வைஃபைப் பார்க்கப் போகும்போது நீயே சொல்ல வேண்டும். என் அம்மா பயப்படுகிறாள் என்று சொல்லாதே, அம்மாக்கள் பயப்படுவதை யாரும் குறித்துக்கொள்வதில்லை. என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்கு ஜி சிக்ஸ் பி டி குறை இருக்கிறது, சோதனையில் தெரிந்தது, பிறந்தபோது இரத்தம் மாற்றினார்கள், என் வயிற்றில் இருப்பது ஆண்பிள்ளை என்று சொல், அப்படிச் சொன்னால் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சுதர்சினி சொல்லிக்கொடுத்தாள். பெயரைச் சொல்லலாமா என்று மாமாவிடம் கேட்டேன், "தாராளமா சொல்லு, வயச மட்டும் சொல்லாத லா" என்றான். இதை வலி வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே, வலி வந்தால் உன் பெயரே உனக்கு ஞாபகம் இருக்காது, அருணனையும் இந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொல். பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்பது சோதனையில் தெரிந்துவிடும், இருந்தாலும் கவனமாகப் பார்த்துக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும், தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. பிறந்தபின் கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

இத்துடன் வேறு துணி வைத்திருக்கிறேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மெல்லிய பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கினேன், புதுத்துணி பிள்ளையின் தோலை உறுத்துமே என்று தினமும் ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டு எடுத்தேன், மழைக்காலம் வேறு, மேகம் கறுத்தால் அப்பாதான் ஒற்றைக் கண்ணோடு ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவார். எத்தனை தடவை துவைத்தோம் என்று எங்களுக்கே தெரியாது, இப்போது பழந்துணி மாதிரியே மெத்தென்று இருக்கிறது. எந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை, நாற்காலி முதுகில் போட்டிருந்து அப்படியே மடித்து அனுப்புகிறேன், மோந்து பார், ஒரு வாசமும் இருக்காது. வீட்டில் இருந்த உருண்டை எல்லாவற்றையும் கட்டி வெளியே போட்டுவிட்டேன், பழனியப்பன் வீட்டிலும் போட்டுவிட்டாராம், மருமகள் முதல் தடவையாக அவருக்குத் தானாகவே காப்பி போட்டுக் கொடுத்தாளாம்.

நீ சாப்பிடுவதில் குறை வைக்காதே, குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே, ஈரத் தரையில் பார்த்துப் போ. நீ யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை, பல்வலியைக்கூட முகம் வீங்கும்வரை சொல்லாமல் இருந்தவள், அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம். இந்த ஒரு தடவை தொந்தரவு செய் மகளே, அவர்கள் சரி என்று தலையாட்டினால் போதும் என்று எழுந்து வந்துவிடாதே, எழுதுகிறவரை அங்கேயே உட்கார்ந்திரு. அப்பாவும் நானும் ஜெபமாலையில் தினமும் உங்கள் மூன்று பேரையும் நினைத்துக்கொள்கிறோம், இங்கிருந்தே உன் நெற்றியிலும் பிள்ளைக்காக உன் வயிற்றிலும் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிக்கிறேன், மாதா உன் கையைப் பிடித்துக்கொண்டு நல்லபடியாகப் பெற வைப்பாள். மிட்வைஃபைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கூப்பிடு, இங்கே இரவாயிற்றே, அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைக்காதே, தூங்கமாட்டேன்.

உன் அம்மா,
மகதலேனா கிரிகரி
கிள்ளான்