படகுக்காகப் போட்ட ஓட்டு

செப்டம்பர் 3, செவ்வாய்

கிழங்குக் குழியில் களை எடுத்த கையோடு ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். நாடாளுமன்றத்துக்கு நிற்பது என் கணவர் தவாவு, பேசுவது நான். அவருக்குப் பெண்களிடம் பேச வராது. வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: நோயாளிகளைத் தலைநகருக்குக் கொண்டுபோக எங்கள் தீவுக்கென்று ஒரு விசைப்படகு. ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் ஊர்த் தெலுப்பே அக்காவின் மகள் மெலேயைச் சொன்னேன். பிரசவ வலியோடு மூன்று நாள் கப்பலுக்குக் காத்திருந்து செத்தவள்.

செத்தவளைக் காட்டி ஓட்டுக் கேட்கிறேனா? கேட்கிறேன்.

செப்டம்பர் 9

எதிர்த்து நிற்பவன் அக்காவின் சொந்த அண்ணன் மகன். பிரதமரின் ஆள். ஆனாலும் அக்கா ஊர்க்கூடத்தில் எழுந்து நின்று, "என் ஓட்டு தவாவுக்குத்தான்" என்றாள். அவளை வீட்டில் வைத்துச் சோறு போடும் அண்ணன்காரர் கத்தினார்: "அப்ப அவன் வீட்டுலயே போய்த் தின்னு!"

சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "இது ஒண்ணுதான் என்னுதாம். எங்கடீ விரிக்க?" என்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

செப்டம்பர் 12

ஜெயித்துவிட்டோம். பதினொரு ஓட்டு வித்தியாசம். இடுப்பு வலியையும் மறந்து அக்கா ஆடினாள்.

செப்டம்பர் 17

அவர் கப்பல் ஏறினார். பிரதமரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று கரையில் எல்லாரிடமும் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மந்திரியெல்லாம் ஆக வேணாம் தம்பி. படகு வந்தாப் போதும்."

செப்டம்பர் 24

நாடாளுமன்றத்தில் பிரதமர் பக்கம் ஏழு பேர், எங்கள் பக்கம் ஏழு பேர். யாரும் தாவாதபடி இரு பக்கமும் அவரவர் ஆட்களை அவரவர் விடுதியில் அடைத்து, செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். மூன்று நாளாக அவர் குரலே இல்லை. "கோழியை அடைக்கிற மாதிரி" என்று அக்கா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 27

வானொலியில் சொன்னார்கள். பழைய பிரதமரே மறுபடியும். எட்டுக்கு ஆறு.

"யாருடீ அந்தத் தாவின ஆளு?" என்றாள் அக்கா. அதற்குள் மந்திரிகள் பெயரை வாசித்தார்கள். மீன்வளம் — தவாவு.

அக்கா கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

செப்டம்பர் 28

போனில் பேசினார். "எதிர்வரிசையில உக்காந்தா படகு எப்படி வரும்? நீயே யோசி, லெபேகா."

யோசித்தேன். நியாயமாகத்தான் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

கோயிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன லெபேகா, படகு வந்துருச்சா? எங்க கட்டி வச்சிருக்கே?" எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ ஏன்க்கா இங்க?" என்றேன்.

"வேற எங்க போய் உக்கார?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 19

தலைநகருக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். போகிறேன். துணைக்காகப் போகிறேன் என்று ஊரில் சொன்னேன். பொய். ஓடுகிறேன். வீட்டை அக்காவிடம் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 5

படகைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். எரிச்சல்கூட இல்லை அவர் குரலில்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் வாசலில் அக்கா. கப்பலிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள். கால் வீங்கியிருந்தது.

"நம்ம ஊரு ஃபிலிப் பொண்ணுக்கு மாசம் நெருங்கிடுச்சுடீ. புள்ள குறுக்க கிடக்குன்னு நர்ஸம்மா பயப்படுது. படகு எப்பன்னு தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார் — வேண்டாம் என்று.

"அவரு ஊர்ல இல்லக்கா" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

உள்ளே அவர் இருமினார்.

அக்காவுக்கும் கேட்டது. கொண்டுவந்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "வந்தா, நான் வந்தேன்னு சொல்லு." வெயிலில் மெதுவாக நடந்து போனாள். நான் கூப்பிடவில்லை.

மதியம் அவருக்கு அந்தக் கருவாட்டைத்தான் வறுத்து வைத்தேன். நானும் சாப்பிட்டேன்.