பதினோராவது அட்டை

பழைய குறிப்பேடுகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஓர் அட்டை கீழே விழுந்தது. மங்கிய மஞ்சள் நிறம், நீள்சதுரத் துளைகள், மேல் விளிம்பில் ஒரு பென்சில் புள்ளி. ஒரு மூலை கிழிந்திருக்கிறது. முகர்ந்தேன். ராயபுரத்தில் உன் வீட்டுப் பின்னறையின் ஈர வாடை இன்னும் அதில் இருப்பதுபோல் பட்டது. பிரமையாகவும் இருக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு நிரல் எழுத நீ சேர்ந்தாய். நான் ஒரு பத்திரிகையில் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்துக்குக் கட்டளைகளை அட்டைகளில் துளைகளாகத்தான் தரவேண்டும்; ஒவ்வொரு வேலையும் ஒரு கட்டு அட்டை. ஒன்று முடிந்ததும் ஆள் நின்று அடுத்த கட்டைப் போடவேண்டும். அது உனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா ஹார்பர்ல மூட்ட தூக்கறாரு. அங்கயே எப்ப இன்னா தூக்கணும்னு சொல்ல ஒரு மேஸ்திரி கீறாரு. இம்மாம் பெரிய மிஷினுக்கு ஒருத்தரும் இல்ல, மாமு," என்றாய்.

வேலைகளைத் தானே வரிசையாக எடுத்து நடத்தும் ஒரு நிரலை எழுதத் தொடங்கினாய். இன்று அதை இயங்குதளம் என்கிறார்கள். நீ மேஸ்திரி என்றே சொன்னாய். யாரும் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. பணி முடிந்தபின் தனியாக உட்கார்ந்து அட்டைகளில் துளையிட்டாய். இரண்டாவது வருடம், இயந்திரத்தின் இரைச்சலில் உன் பெயர் கேட்பதாகச் சொன்னாய். பிறகு அது உன்னைத் திட்டவும் தொடங்கியது. ஒருநாள் கம்ப்யூட்டர் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டாய். வேலை போயிற்று.

அதன்பின் எட்டு மாதம் அந்தப் பின்னறைதான். அட்டைகளெல்லாம் பிஸ்கட் டின்களில். உன் அக்கா ரீட்டா வைத்த தட்டு வைத்தபடியே இருக்கும்.

"தட்டுல விஷம் கீதுன்றான், தம்பி. நானா வெப்பேன்? நீ சொன்னா கேப்பான், ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு," என்று அழுதார்.

மருத்துவமனை என்றாலே நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. ஒருநாள் மட்டும் பதில் சொன்னாய்: "மேஸ்திரி ஒரு தபா ஓடட்டும். அப்பால எங்க கூப்ட்டாலும் வரேன்."

மேஸ்திரி கட்டு இருந்த டின்னை நான் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன். உன்னோடு வேலை செய்த ஆபரேட்டர் மதிய இடைவேளையில் கால்மணி நேரம் தந்தார். பத்து அட்டைகள் உள்ளே போயின. பதினோராவது சிக்கிக் கிழிந்தது. மற்றவற்றைப் போட்டுப் பார்த்தார், அவையும் சிக்கின.

"கடக்காத்துல ஊறிப்போய்கீது சார். மிஷின் துன்ன மாட்டேங்குது," என்றார்.

நேரம் முடிந்தது. நீ எழுதியது சரியா தவறா என்பதுவரை இயந்திரம் போகவே இல்லை.

கிழிந்த அட்டையைக் குறிப்பேட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்து, டின்னை உன்னிடம் கொடுத்து, "ஓடிச்சிடா," என்றேன்.

"எத்தினி வேல முடிச்சிது?"

"மூணு."

நீ டின்னைத் திறந்து கட்டைப் பார்த்தாய். அட்டைகள் இடம் மாறினால் தெரியவேண்டும் என்று கட்டின் மேல் விளிம்பு நெடுகச் சாய்வாகப் பென்சில் கோடு இழுத்திருந்தாய், அட்டைக்கு ஒரு புள்ளியாக. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு மூடிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாய்.

மருத்துவமனையில் கொடுத்த மருந்து உன் நடையைத் தளர்த்தியது, குரல்களையும் அடக்கியது. தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் ரேடியோ பழுது பார்த்தாய். நிரல் எதுவும் எழுதவில்லை. பல வருடங்கள் கழித்து, காசிமேட்டுக் கல்சுவரில் உட்கார்ந்திருந்தபோது நீயாகவே சொன்னாய்.

"கோட்டுல பதினோராவது எடம் காலியா இருந்திச்சி. அது இல்லாம எப்டிடா ஓடும்? பேப்பர்காரன் நீ, ஒரு பொய் கூட ஒழுங்கா வரல."

"தெரிஞ்சும் ஏன்டா வந்த?"

"அக்கா செருப்பு மாட்டிகினு வாசல்லயே நின்னுகினு இருந்திச்சி. காலைலேர்ந்து."

பிறகு, "என்னிக்காவது என்னப் பத்தி எழுதுனா, ஓடிச்சின்னு மட்டும் எழுதிடாத," என்றாய்.

நீ இறந்துபோன பிறகு எத்தனையோ பேரைப் பற்றி எழுதினேன். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதெல்லாம், என் பொய்யை மறைத்துவிட்டு எழுதவே கை போயிற்று. அதனால் நிறுத்திவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

மேஸ்திரி ஓடவில்லை. நீ வந்தாய்.