கை சுடுது, சித்தி

அக்காவுக்கு,

உன் மகளை மக்கு என்று முதலில் சொன்னது பள்ளிக்கூடம் இல்லை, நீதான். ஓரிடத்தில் உட்காராதவளுக்கு அறிவியல் எதற்கென்று, அவளை என் வகுப்பிலிருந்து எடுக்கும்படி தலைமையாசிரியரிடமே சொல்லிவிட்டாய்.

இன்று மின்சுற்றுப் பாடம். நான் பலகையில் படம் போட, பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. நம் பம்பரம், உன் மகள்தான், எழுந்து ஓடினாள். விளையாட்டு அறையிலிருந்து நீளக் கயிற்றோடு வந்தாள். இரு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, எல்லோரையும் வட்டமாக நிறுத்திக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னாள்.

"நான்தான் பேட்டரி, இழுப்பேன். கயிறு உங்க கைக்குள்ள ஓடணும். டேய் சோடாபுட்டி, நீ மட்டும் இறுக்கிப் பிடி!"

"ஐயோ, கை சுடுதுடி!"

"சுடுதுல்ல? நீதான்டா பல்ப்!"

பல்ப் ஏன் சூடாகிறதென்று நான் கத்திக் கத்தியும் அவர்கள் மண்டையில் ஏறாதது உள்ளங்கை வழியாக ஏறிவிட்டது. அப்புறம் யார் பல்ப் என்று ஒரே சண்டை. நானும் பல்ப் ஆனேன். உன் மகள் என்னை டீச்சர் என்று கூப்பிடவே மறந்துபோனாள்: "கை சுடுதா சித்தி? அம்மாகிட்ட சொல்லு!"

சொல்லிவிட்டேன். அசையாமல் உட்கார்வதுதான் அறிவு என்று நம்மை அடித்து வளர்த்தார்கள். அந்த அடியை அவளுக்கும் கொடுக்காதே. நாளை வந்து நீயும் கயிற்றைப் பிடி. பிறகு தலைமையாசிரியரிடம் உன் வாயாலேயே சொல், அவள் என் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று. சொல்வாயா?

கை சிவந்த தங்கை