மிஹாருவில் இலை விட்டிருந்த மரம்

இன்று காலை பாரிசில், நம் லா ஷப்பேலில் மழை, அக்கா. முருங்கைக்காய் வாங்கப் புறப்பட்டவள், கதவுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி, அகப்பட்ட குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மேலே மெத்ரோ ஓடும் பாலத்தைத் தாண்டி வந்து அதை விரித்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடி போல உள்ளிருந்தே வானம் தெரிகிற பிளாஸ்டிக் குடை. கைப்பிடியில் ஜப்பானிய எழுத்துச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் மிஹாரு ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடையில் நீங்கள் வாங்கியது. அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடை வரைக்கும் நனைந்துகொண்டே போனேன். முருங்கைக்காய் வாங்க மறந்துபோய் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுந்திருக்கப் போவதில்லை.

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் ஒரே கட்டடத்தில் நீங்கள் நாலாவது மாடி, நான் மூன்றாவது. முதல்முதலில் ஒரு பிரெஞ்சுக் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி என் கதவைத் தட்டினீர்கள். "நீர் பாண்டிச்சேரியோ?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் 'நீர்' என்று கூப்பிடுவதில்லை. கூத்தில் ராஜா மந்திரியைக் கூப்பிட்டால்தான் உண்டு. அன்று தொடங்கி பதினோரு வருடம் நான் உங்களுக்கு 'நீர்', நீங்கள் எனக்கு 'நீங்க'. நகராட்சியில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை நான். நீங்கள் ஓப்பராப் பக்கம் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, முழங்கால் தேய்ந்தவர். கணவர் உங்கள் ஊர் யுத்தத்தில் இறந்துவிட்டார். ஒரே மகன் புறநகரில், கார்ஜ் லே கொனெஸில், மனைவி பிள்ளைகளோடு. நீங்கள் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அந்தக் கடையின் முதலாளியம்மாவை நீங்கள் 'மதாம்' என்றுதான் சொல்வீர்கள். மிஹாருவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல்களில் அவர் தன் நாட்டுச் சகுராப் பூமரங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நீங்கள் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்தீர்கள். அந்தக் கொப்பியை எனக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டினீர்கள்! யோஷினோ மலையில் பூ அடிவாரத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே ஏறும். தகதோவில் இடிந்த கோட்டை மேட்டில் பூ, அதற்குப் பின்னால் பனி மூடிய மலை. மிஹாருவில் வயல்களுக்கு நடுவே பள்ளத்தில் ஒற்றை மரம், கிளையெல்லாம் அருவி மாதிரி தரையை நோக்கித் தொங்கும். இன்னும் வடக்கே ககுனொதாதே, பழைய வீடுகளின் கறுத்த மரவேலிக்கு மேலால் பூக்கிளைகள் தெருவில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹிரோசாகி, அங்கே கோட்டை அகழியில் தண்ணீரே தெரியாதபடி இதழ் மிதக்கும்.

"தெற்கிலை துவங்கி வடக்கை போகுமாம். ஒண்டைத் தவறவிட்டா அடுத்த ஊரிலை பிடிக்கலாம்" என்பீர்கள், ஆர்.இ.ஆர் ரயிலைப் பற்றிச் சொல்வது போல.

ஒருமுறை நான் சொன்னேன், "பூ பாக்கணும்னா இங்க பக்கத்துல சோ பூங்காவுக்குப் போயிட்டு வரலாமே அக்கா. அங்கேயும் சகுரா இருக்கு."

"அங்கை சனத்தைத்தான் பாக்கலாம். மதாம் சொன்ன மரம் ஆயிரம் வருசமா நிக்குது. ஒருத்தரும் வெட்டேல்லை. ஒரு ஷெல்லும் விழேல்லை. அப்பிடி ஒரு மரத்தை நான் என்ரை கண்ணாலை பாக்கவேணும்." பிறகு சொன்னீர்கள்: "எங்கடை வளவிலை பதினேழு தென்னை நிண்டது. திரும்பிப் போய்ப் பாக்கேக்கை ஒண்டுக்கும் தலை இல்லை."

அதற்குப் பிறகு நான் சோ பூங்காவைப் பற்றிப் பேசியதில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை வரப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று அதை மேசையில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "இனி ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை, என்ன?" என்றீர்கள். அடுத்த வசந்தத்துக்கே டிக்கெட் போட்டோம். 'மிஹாரு, நடு ஏப்ரல்' என்று கொப்பியில் கோடிட்டிருந்தது. அந்தக் கணக்கில் நான் நாள் குறித்தேன். மதாம் சொன்னது அவருடைய சின்ன வயது ஏப்ரலை. இப்போதெல்லாம் அங்கே குளிர் சீக்கிரம் விலகிப் பூ முந்திவிடுகிறது என்பதைத் தொலைபேசியில் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் அறிந்திருப்பேன். தேடவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே நீங்கள் மெலிந்துவிட்டீர்கள். கேட்டதற்கு "அல்சர்" என்றீர்கள். நான் நம்பினேன்.

மிஹாருவில் நாம் தங்கிய விடுதியின் அம்மா தன் காரிலேயே மரத்துக்குக் கூட்டிப் போனாள். தூறல். சரிவில் இறங்கும்போது நீங்கள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். முழங்கால் வலி என்று நினைத்தேன். மரம் பள்ளத்தில் பெரிய பச்சைக் கூடாரம் போல நின்றது. முழுக்க இலை. கிளைகளுக்கு முட்டுக் கொடுத்த கம்பங்களைச் சுற்றிச் சேற்றில் இதழ்கள் பழுப்பாக அப்பிக் கிடந்தன. வேறு ஒருவரும் இல்லை. விடுதி அம்மா தொலைபேசியில் ஏதோ பேச, அது பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொன்னது: இந்த வருடம் பத்து நாள் முந்திவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். தானே தவறு செய்தவள் போல அவள் குனிந்து வணங்கினாள்.

எனக்கு அழுகை வந்தது. நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். "பரவாயில்லை. மரம் நிக்குதுதானே," என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவவிட்டைக் கேளும், ககுனொதாதேயிலை பூ இருக்கோ எண்டு."

இருக்கிறது, இன்னும் மூன்று நாளில் முழுதாக விரிந்துவிடும் என்றாள் அவள். அன்று பிற்பகல் முழுக்க உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பையை நீங்களே அடுக்கினீர்கள். குடையையும் அப்போதுதான் வாங்கினீர்கள்.

மாலை ஏழு மணிக்கு உங்கள் மகன் என் எண்ணில் கூப்பிட்டான். பாரிசில் அப்போது மதியம். ஆஸ்பத்திரியிலிருந்து அவனிடம் கேட்டிருக்கிறார்கள், அம்மா ஏன் இன்று ஷிமியோவுக்கு, அதாவது கீமோ ஊசிக்கு, வரவில்லை என்று. பயணத்துக்கு டாக்டரே அனுமதி கொடுத்ததாக நீங்கள் அவனிடம் சொல்லியிருந்தீர்கள். கணையத்தில் புற்றுநோய் என்ற சொல்லை அவன் பிரெஞ்சில் சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன்.

நீங்கள் தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா கூட்டிக்கொண்டு வந்திருப்பீரோ?"

"டாக்டர் நாள் குறிச்சுக் குடுத்த ராந்தெவூவை விட்டுட்டு யாராவது இப்படி வருவாங்களா, அக்கா?"

"ஆஸ்பத்திரி இன்னொரு ராந்தெவூ தரும். பூ தராது."

நான் கத்தினேன். விடுதி அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினேன். நீங்கள் தைலப் போத்தலை மூடி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள்.

மறுநாள் காலை கொரியாமா ஸ்டேஷன். வடக்கே போகும் ரயில் முதலில், தோக்கியோ ரயில் அதற்குச் சற்றுப் பின்னால். பலகையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் ஓடிக்கொண்டிருந்தன.

"நாலு நாள்," என்றீர்கள். "நாலே நாள் தாரும். பிறகு நீர் சொல்லுற ஆஸ்பத்திரிக்கெல்லாம் வாறன்."

"முடியாதுக்கா. விமானத்தை மாத்தியாச்சு. நாளைக்குப் பாரிஸ்ல இருக்கணும்."

"அப்ப நான் தனியப் போறன். என்ரை பாஸ்போர்ட்டைத் தாரும்."

இரண்டு பாஸ்போர்ட்டும், டிக்கெட்டுகளும் என் கைப்பையில் இருந்தன. நீங்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடி, அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆம், அக்கா, அதைச் செய்தேன். உங்களுக்கு அந்தப் பலகையில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது, நான் இல்லாமல் ஒரு ரயிலும் ஏற முடியாது என்று தெரிந்துதான் செய்தேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் என் முன்னால் நிற்கிறது. "நீ," என்றீர்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. "நீ என்னை நாடு கடத்துற பொலிஸ் மாதிரி நிக்கிறாய்."

வடக்கு ரயில் வந்து, நின்று, போனது. நீங்கள் தோக்கியோ ரயிலில் ஏறினீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள். பாரிஸ் வந்து இறங்கும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரி. ஊசி, வாந்தி, கொத்துக் கொத்தாகத் தலையணையில் முடி. வாய் புண்ணாகி உங்களால் ரசம்கூட விழுங்க முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் 'நீர்' திரும்பி வந்தது. "உந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்துவிடும், கண் கூசுது" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் கழிப்பறையில் போய் நின்று அழுதேன்.

ஜூன் மாதத்தில் டாக்டரை நடைவழியில் மறித்துக் கேட்டேன். அந்த ஏப்ரலில் அவர் நாலு நாள் பிந்தி வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? இளம் பெண், களைத்துப்போயிருந்தாள். உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லுங்கள் என்றேன். நாலு நாள் அல்ல, சிகிச்சையே எடுக்காமல் இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திராது என்றாள். கொஞ்சம் தெம்போடு இருந்திருப்பார் என்றும் சொன்னாள்.

அதை உங்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றீர்கள்.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா. உங்க நல்லதுக்குன்னு நெனச்சுத்தான்..."

"நல்லதுக்கு எண்டுதான் செய்தனீர். எனக்கு விளங்குது." மூச்சுவிட்டு, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னீர்கள்: "ஆனா செய்தனீர்தானே."

அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை. ஜூலைக் கடைசியில் ஒரு நடுப்பகலில், மகனும் மருமகளும் கீழே காபி குடிக்கப் போயிருந்த நேரம் போய்விட்டீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். எரியூட்டும் மண்டபத்தில் பெட்டி உள்ளே போன பிறகு, மகன் என்னிடம் வந்து பிரெஞ்சில் கேட்டான், அம்மாவுக்கு ஜப்பான் பிடித்திருந்ததா என்று. மிகவும் பிடித்திருந்தது என்றேன். அவன் நன்றி சொல்லி என் இரு கன்னத்திலும் முத்தமிட்டான்.

போன ஏப்ரலில் நான் தனியாக ககுனொதாதே போனேன். இந்தத் தடவை பூ நிலவரத்தை ஒவ்வொரு நாளும் பார்த்து, நாளைச் சரியாகப் பிடித்தேன். காலை ஆறரை மணி, தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. கொப்பியில் நீங்கள் எழுதியிருந்தபடியே கறுத்த வேலிக்கு மேலால் கிளைகள் இறங்கியிருந்தன. ஆற்றங்கரை முழுக்க, கண் போகும் தூரம்வரை, ஒரு குறையும் இல்லாமல் பூத்திருந்தது. எனக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது. அரை மணி நேரத்துக்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு வருடமாக நான் சுற்றிச் சுற்றித் தவிர்த்து வந்த ஒன்றை எனக்கு நானே ஒத்துக்கொண்டேன்.

கொரியாமாவில் நான் உங்கள் சிகிச்சையைப் பற்றி நினைக்கவில்லை, அக்கா. வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊரில், ஒரு விடுதி அறையில், நீங்கள் என் கண் முன்னால் இறந்துபோய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். யாரைக் கூப்பிடுவது, என்ன மொழியில் சொல்வது, உங்கள் மகனுக்கு என்ன பதில் சொல்வது? முதல் நாள் மாலை தொலைபேசியை வைத்த நொடியிலிருந்து என் தலைக்குள் ஓடியது இது மட்டும்தான். அந்தப் பயத்துக்கு 'உங்க நல்லதுக்கு' என்று பெயர் வைத்தேன்.

உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் அந்த மெல்லிய குரலில் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பீர்கள், திட்டியிருந்தாலும் அதை வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். தண்ணீர் வேண்டுமா, திரையை இழுக்கட்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.